சலவை அறையில் நிரோஜினிக்குச் சொன்னது

உன் மகனை அனுப்பலாமா என்று கேட்கிறாய்.
இயந்திரம் நிற்க இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.
இரு, சொல்கிறேன்.

முதலில் பெயர்.
காலுறை, துவாய், பல்தூரிகை, டோர்ச் லைட்
எல்லாவற்றிலும் எழுத வேண்டும்.
மூன்றெழுத்துப் பெயர் வைத்ததற்கு
அன்றைக்குத்தான் சந்தோஷப்பட்டேன்.
தமிழிலேயே எழுதினேன்: ஆரபி.
நாற்பது பிள்ளைகளின் உடுப்புக்குள்
மாறிப்போகாத எழுத்து.

தொலைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள்.
"குரல் கேட்டால்தான் அழுகை வரும்" என்றாள் செரைனா.
அவள்தான் பொறுப்பு.
பத்தொன்பது வயது, மூக்கில் வளையம்,
சப்பாத்தில் ஒரு கயிறு பச்சை, ஒன்று மஞ்சள்.
இவளிடமா, என்று நினைத்துக்கொண்டே
கையெழுத்துப் போட்டேன்.

ஒவ்வொரு மாலையும் உண்ணி தேடுவார்கள்,
காதுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பில்.
நமக்குத் தெரிந்த உண்ணி மாட்டில் இருந்தது.
இங்கே காட்டுக்குள் போகிற பிள்ளையில் ஏறும்.
பயப்படாதே. இடுக்கி வைத்திருக்கிறார்கள்.

சாப்பாடு:
மக்ரோனியையும் உருளைக்கிழங்கையும் சீஸோடு கிளறி
மேலே ஆப்பிள் கூழ் ஊற்றுவார்களாம்.
கேட்டதும் எனக்கு வயிறு பிரட்டியது.
அவள் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள்.

படிவத்தில் ஏழாம் கேள்வியை மட்டும் கவனி.
"பிள்ளை இதற்கு முன் வீட்டைவிட்டு வெளியே தங்கியதுண்டா?"
இல்லை என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.
தாயைப் பற்றி அங்கே கேட்கவில்லை.
கேட்டிருந்தால்,
பதினான்கு வயதில், எட்டு மாதம்,
கம்பி வேலிக்குள், என்று எழுதியிருப்பேன்.
அங்கேயும் பெயர் பதிந்தார்கள்.
அங்கேயும் சாப்பாட்டுக்கு வரிசை.

"இருநூற்று எண்பது பிராங் கட்டி
பிள்ளையை முகாமுக்கு அனுப்புகிற முதல் ஆள்
எங்கள் பரம்பரையில் நீதான்"
என்று சிரித்தார் பிரதீபன்.
நானும் சிரித்தேன்.
பிறகு அன்றிரவு முழுக்க
இரண்டு பேரும் கதைக்கவில்லை.

புர்க்டோர்ஃப் நிலையத்தில் மூன்றாம் மேடை.
அவளுடைய முதுகுப்பை அவளைவிட அகலம்.
கட்டிப்பிடிக்கப் போனேன்.
"அம்மா, எல்லாரும் பார்க்கினம்."
ரயில் போன பிறகு பார்த்தால்
மற்றத் தாய்மாரும் அங்கேயே நின்றார்கள்,
கோப்பி குடிக்கப் போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

வீட்டு நினைவு வரலாம், இரண்டு நாளில் போய்விடும்
என்று தாளில் எழுதியிருந்தது.
வீட்டுக்குள் இருக்கிறவருக்கும் வரும் என்று
எழுதியிருக்கவில்லை.
மூன்றாம் இரவு நான் எழும்பிப் போய்
அவள் கட்டிலில் காலை மடக்கிப் படுத்தேன்.

ஐந்தாம் நாள் ஒரு தபாலட்டை.
ஒரு காலுறை தொலைந்ததாம்.
பக்கத்துக் கட்டில் லொரேனா அழுதாளாம்,
இவள் டோர்ச் அடித்துக் கூரையில் முயல் காட்டினாளாம்.
அடுத்த வருடம் இரண்டு கிழமைக்குப் போகலாமா?
எல்லாம் ஜெர்மனில்.
கடைசியில் மட்டும் தமிழில் ஒரு சொல்:
அமமா.
புள்ளியை விட்டுவிட்டாள்.
பேனையை எடுத்தேன்,
பிறகு மூடி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை ரயிலால் இறங்கி
முதலில் செரைனாவைக் கட்டிப்பிடித்து அழுதாள்.
அதற்குப் பிறகுதான் என்னைத் தேடினாள்.
இதை உனக்கு யாரும் சொல்லமாட்டார்கள், நிரோஜினி,
அதனால் நான் சொல்கிறேன்.
கொஞ்சம் குத்தும்.
அந்த மூக்கு வளையக்காரியைப் பார்த்து
நன்றி சொல்ல எனக்கு ஜெர்மன் வரவில்லை.
அவள் தன் பைக்குள் கைவிட்டு
ஒற்றைக் காலுறையை எடுத்து நீட்டினாள்.
"இந்த எழுத்து உங்களுடையதுதானே?"

ஓம், அனுப்பு.
இயந்திரம் நின்றுவிட்டது.
அந்த வாளியை இங்கால தள்ளு.